மெலிஞ்சா பாராட்டு, இன்சுலின் போட்டா 'ஊதிட்ட': சுகர் உள்ளவங்க சாப்பாடும் உடம்பும், மனசு விட்டு பேசலாம் வாங்க

செங்காங்காரி:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்கி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்குங்க.

எனக்கு டைப் 1 சுகர். செக்கண்டரி 3 படிக்கறப்ப வந்துச்சு. தெரியறதுக்கு முன்னாடி பாட்டில் பாட்டிலா தண்ணி குடிப்பேன், ராத்திரி பூரா டாய்லெட்டுக்கு ஓடுவேன், யூனிஃபார்ம் ஸ்கர்ட் இடுப்புல நிக்காது, அம்மா ஊக்கு குத்தி விடுவாங்க. அந்த தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை, சித்தி, எதிர் வீட்டு ஆன்ட்டி எல்லாரும் ஒரே பேச்சு, "அடியே என்ன இப்டி ஸ்லிம் ஆயிட்ட, எங்க வீட்டு பிள்ளைக்கும் சொல்லிக் குடேன்". முறுக்கு தட்ட நீட்டிக்கிட்டே சொல்றாங்க. கொஞ்ச நாள்ல நான் ஆஸ்பத்திரில.

இன்சுலின் ஆரம்பிச்சதும் போன எடை திரும்ப வந்துச்சு. வரத்தான் வேணும், சாப்பிட்டது மூத்திரத்துல போகாம உடம்புல ஒட்டுதுன்னு அர்த்தம். ஆனா பொங்கலுக்கு அதே ஆளுங்க "என்னம்மா ஆஸ்பத்திரில நல்லா சாப்பாடு போட்டாங்களா, இப்டி ஊதிட்ட"ன்னாங்க. 15 வயசு மண்டைல இதுக்கு என்ன கணக்கு ஏறும்? ஊசி இல்லாதப்ப அழகு, ஊசி வந்தா குண்டு. அவ்ளோதான் ஏறுச்சு.

போலிடெக்னிக் போனப்புறம் ஊசிய விட ஆரம்பிச்சேன். எப்டி, எவ்ளோன்னு எழுத மாட்டேன், அது படிக்கற பிள்ளைங்களுக்கு ஐடியா குடுத்துடும். டிகேஏ, அதாவது இன்சுலின் இல்லாம ரத்தம் அமிலமாகி, ஐசியூ வரைக்கும் போயாச்சு, கண்ணுல லேசர் வச்சாச்சு. இப்ப சுகர் டாக்டர், மனநல டாக்டர், டயட்டீஷியன் மூணு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்கிட்டு பாக்கறாங்க, பரவால்ல, ஒழுங்கா போயிட்டு இருக்கு.

இப்ப விஷயம் என்னன்னா தை மாசம் அண்ணனுக்கு கல்யாணம். வீட்ல பட்டு எடுத்தாச்சு. அம்மா நல்லவங்கதான், ஆனா நேத்து பிளவுஸ் அளவு பத்தி பேசறப்ப "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் குறைச்சிடும்மா, போட்டோவுல எல்லாம் வருவ"ன்னு சாதாரணமா சொல்லிட்டு துணி மடிக்க போயிட்டாங்க. எனக்கு அன்னிக்கி ராத்திரி ஊசி பேனாவ கைல எடுக்கவே மனசு வரல. எடுத்துட்டேன், போட்டுட்டேன், அது வேற. ஆனா இப்டி ஒரு வார்த்தை இன்னும் என்னை இவ்ளோ தள்ளுதே. இந்த மாதிரி யாருக்காவது இருக்கா? வீட்ல எப்டி சொல்லி புரிய வச்சீங்க?

கோப்பி_கோசோங்:

தங்கச்சி, தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு டைப் 2, டாக்ஸி ஓட்டறேன், சுகரோட ரொம்ப வருஷமா குடித்தனம் பண்றவன். ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டுக்கும் டாக்டரே "எடைய குறைங்க அங்கிள்"னுதான் சொல்றார். 2016ல நம்ம சிங்கப்பூர் அரசாங்கமே நீரிழிவுக்கு எதிரா போர்னு அறிவிச்சுது. 2017 தேசிய தினப் பேரணில பிரதமர் லீ மேடைல நின்னு 9 பேர்ல ஒருத்தருக்கு சுகர்னு சொன்னார், அதுலயும் மலாய்க்காரங்களுக்கும் நம்மாளுங்களுக்கும் கூடுதல்னு தனியா எடுத்துச் சொன்னார். அப்ப சொந்தக்காரங்க "குறை"ன்னு சொன்னா அக்கறைதானே? எங்க காலத்துல இப்டி மனசு ஒடிஞ்சு போறதெல்லாம் கிடையாது. கோப்பில சீனிய நிப்பாட்டு, நட, மாத்திரைய போடு, அவ்ளோதான் லா. அம்மா சொன்னதுல என்ன தப்பு?

ஓய்வுபெற்ற_மிஸி:

அண்ணே, வணக்கம். பசியாறியாச்சா? நீங்க சொல்றது உங்க வியாதிக்கு. அந்த பிள்ளைக்கு வேற வியாதி, பேரு மட்டும்தான் ஒண்ணு.

நான் நீரிழிவு தாதியா பல வருஷம் வேலை பார்த்துட்டு ஓய்வு வாங்கினவ, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். டைப் 1ல கணையம் இன்சுலின் சுரக்கறத கிட்டத்தட்ட நிப்பாட்டிடும். சீனி தின்னு வர்றது இல்ல, குண்டா இருந்து வர்றது இல்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கற செல்லுங்கள அழிச்சிடுது. வெளியிலருந்து இன்சுலின் போகலன்னா ரத்தத்துல சர்க்கரை இருந்தும் செல்லுக்குள்ள போகாது. உடம்பு பட்டினின்னு நெனச்சிட்டு கொழுப்ப கரைக்கும், கரையறப்ப கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமா மாறும். அதான் டிகேஏ. வாந்தி, வயித்து வலி, ஆழமா வேகமா மூச்சு, வாயில பழம் அழுகின மாதிரி ஒரு வாடை, அப்புறம் மயக்கம். வீட்ல வச்சு பாக்கற விஷயம் இல்ல, 995க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடணும். அந்த நேரத்துல இறங்கற எடைல தண்ணி, சதை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து போகுது. அதப் பார்த்துதான் நாம "சூப்பரா இருக்க"ன்னு சொல்றோம்.

இப்டி எடைக்காக இன்சுலின குறைக்கறதுக்கு டயபுலிமியான்னு ஒரு பேரு புழக்கத்துல இருக்கு, பிரிட்டன்ல டி1டிஇன்னும் சொல்றாங்க. டாக்டர்ங்க புத்தகத்துல தனி வியாதியா அந்த பேர் இல்ல, ஆனா சாப்பாட்டுக் கோளாறு வகைக்குள்ள இன்சுலின தவிர்க்கறதும் சேர்த்திதான். ரொம்ப அபூர்வமும் இல்ல. கனடாவுல செஞ்சு 2000ல வெளியான ஆய்வுல டைப் 1 உள்ள இளம் பெண்களுக்கு சாப்பாட்டுக் கோளாறு மத்த பெண்களவிட ஏறக்குறைய 2 மடங்கு இருந்துச்சு. பாஸ்டன் ஜாஸ்லின் நீரிழிவு மையத்துல 234 பெண்கள 11 வருஷம் தொடர்ந்து பார்த்து 2008ல எழுதினாங்க. ஆரம்பத்துலயே 100ல 30 பேர் இன்சுலின குறைக்கறதா ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு இறந்து போற அபாயம் 3 மடங்கு. இதுல அக்கறை எங்க, தப்பு எங்கன்னு நீங்களே பார்த்துக்குங்க அண்ணே.

இன்னொண்ணு. குண்டா இருந்தாத்தான் டைப் 2 வரும்ங்கறதும் முழுசா சரியில்ல. நம்மாளுங்க பார்க்க ஒல்லியா இருப்பாங்க, வயித்துக்குள்ள கொழுப்பு இருக்கும். அதனாலதான் இங்க சிங்கப்பூர்ல பிஎம்ஐ, அதாவது உசரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு, 23லருந்தே அபாயம்னு வச்சிருக்காங்க. தராச பார்த்து யாருக்கு சுகர், யார் ஒழுங்கு, யார் சோம்பேறின்னு முடிவு பண்ண முடியாது.

நடத்துநர்:

ஒரு வேண்டுகோள். இந்த இழைல உங்க சொந்த எடை, இன்சுலின் அளவு, எத்தனை கலோரி சாப்பிட்டீங்க, எப்டி குறைச்சீங்கங்கறத போடாதீங்க. ஆய்வு, பொது விவரம்னா சரி. விதிய மீறின ரெண்டு பதிவு எடுத்தாச்சு.

ஈசூன்_அம்மா:

செங்காங் தங்கச்சி எழுதினத படிச்சிட்டு கை நடுங்குது. என் மகளுக்கு 16, டைப் 1. போன மாசம் ஃப்ரிட்ஜ் தொடைக்கறப்ப பார்க்கறேன், கதவுல மேல் தட்டுல தோசை மாவு டப்பாவுக்கு பின்னாடி இன்சுலின் பேனா டப்பா அப்படியே இருக்கு. மருந்தகத்துல வாங்கின தேதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அத பார்த்தா இந்நேரம் தீர்ந்திருக்கணும். தீரல. மேல மேல புது டப்பா அடுக்கி வச்சிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, மூடி வச்சிட்டேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா கவனிக்கறேன். ரூம் கதவ சாத்திட்டு ஊசி போடறா, முன்னெல்லாம் ஹால்ல டிவி பார்த்துக்கிட்டே போடுவா. மீட்டர்ல பழைய ரீடிங் இல்ல. எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச சுகர காட்டற ரத்த டெஸ்ட், ஏறிட்டே போகுது, ஆனா என்கிட்ட சொல்ற நம்பர் எல்லாம் அழகா இருக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் படுத்துடறா. இதோட இன்னொண்ணு, கடைல பாக்கெட் பானம் எடுத்தா முன்னாடி ஒட்டியிருக்கற நியூட்ரி-கிரேடு எழுத்த பார்ப்பா. அது நல்லதுதான், ஏ, பி, சி, டின்னு 2022 கடைசிலருந்து ஒட்டறாங்க, சீனி கூடின பானம்னு தெரியட்டும்னுதான். ஆனா ஒரு நாள் அவளுக்கு சுகர் இறங்கிடுச்சு, 3.2 (இங்க மில்லிமோல் கணக்கு, 4க்கு கீழ போகக்கூடாது), வேர்த்து கொட்டுது, நான் பாக்கெட் ஜூஸ ஸ்ட்ரா குத்தி வாய்கிட்ட கொண்டு போறேன், "அது டி கிரேடு மா, வேணாம்"ங்கறா. கை நடுங்கறப்ப கூட டி கிரேடு! குளுக்கோஸ் மாத்திரைய வாயில திணிச்சேன்.

நான் என்ன பண்றது? திட்டினா மூடிக்குவா. அவங்க அப்பா "உனக்கு உயிர் மேல ஆசை இல்லையா"ன்னு ஒரு நாள் கத்திட்டார், அதுலருந்து ரெண்டு பேரும் பேசிக்கறது இல்ல.

செங்காங்காரி:

அக்கா, நீங்க பேனா டப்பாவ பார்த்துட்டு கத்தாம மூடி வச்சீங்களே, அதுவே பெரிய விஷயம், நெசமா. எங்க வீட்ல குப்பைத்தொட்டிய கொட்டி ஊசிய எண்ணினாங்க, நான் அடுத்த நாள்லருந்து சும்மா ஊசிய மாட்டி மாட்டி கழட்டி போட ஆரம்பிச்சேன். போலீஸ் வேலை பார்த்தா நாங்க இன்னும் பெரிய திருடியாவோம்.

ஆனா தள்ளி போடாதீங்க. தனியா இருக்கறப்ப, சாப்பாட்டு நேரமா இல்லாதப்ப, "ஊசி போட்டா எடை ஏறும்னு பயமா இருக்கா?"ன்னு நேரடியா கேளுங்க. ஏன் போடலன்னு கேக்காதீங்க, அதுக்கு பொய்தான் வரும். பயமா இருக்கான்னு கேட்டா அழுகை வரும். என்கிட்ட அத முதல்ல கேட்டது ஒரு சின்ன வயசு டயட்டீஷியன், அதுவரைக்கும் எல்லாரும் கேட்டது "ஒழுங்கா போடறியா" மட்டும்தான். போடறேன்னு தலையாட்டிட்டு வந்துடுவேன்.

இன்னொண்ண யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். விட்டுட்டு திரும்ப ஒழுங்கா போட ஆரம்பிச்சா முதல் சில வாரம் கால், முகம் எல்லாம் வீங்கும், செருப்பு பத்தாது. அது கொழுப்பு இல்ல, தண்ணி கோத்துக்கறது, வடிஞ்சிடும். ஆனா கண்ணாடி முன்னாடி நிக்கற பிள்ளைக்கு அது தெரியாது, "பார்த்தியா ஊதிட்டேன்"னு மறுபடி விட்டுடும். நான் அந்த இடத்துலதான் விழுந்தேன். மகளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

ஓய்வுபெற்ற_மிஸி:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. கூட ஒண்ணு சேர்க்கறேன் ஈசூன் அம்மா, பயத்துல நீங்களே முழு டோஸையும் ஒரே நாள்ல கொண்டு வரப் பார்க்காதீங்க. ரொம்ப நாளா உசரத்துல இருந்த சுகர் சட்டுன்னு இறங்கினா கண்ணு விழித்திரை பாதிப்பு மோசமாகறதும் காலுல நரம்பு வலி கிளம்பறதும் உண்டு. எவ்ளோ வேகத்துல இறக்கறதுங்கறத டாக்டர் பார்த்துக்கணும். அதுக்காக ஊசியே போடாம காத்திருக்கவும் கூடாது, அப்பாயின்ட்மென்ட் தூரமா இருந்தா கிளினிக்குக்கு போன் பண்ணி நீரிழிவு தாதிய கேளுங்க, பேனா டப்பா விஷயத்த உள்ளது உள்ளபடி சொல்லுங்க. ரத்தத்துல கீட்டோன் பார்க்கற மீட்டர் வீட்ல இருக்கட்டும். 0.6க்குள்ள இருந்தா சரி, 1.5 தாண்டினா உடனே கூப்பிட்டு கேக்கணும், 3 ஆச்சுன்னா நேரா அவசரப் பிரிவு.

18 வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு கேகே மருத்துவமனைல பார்ப்பாங்க, பெரியவங்களுக்கு சிங்கப்பூர் பொது மருத்துவமனைல சாப்பாட்டுக் கோளாறுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. பாலிகிளினிக்லருந்து கடிதம் வாங்கிட்டு போனா மானியம் கிடைக்கும். மனசு தாங்கலன்னா 1771 தேசிய மனநல எண், 1767 எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு எண், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க.

அப்பா கத்தினத பத்தி: கால் எடுத்துடுவாங்க, கண்ணு போயிடும், கிட்னி போயிடும்னு பயமுறுத்தினா எதிர் விளைவுதான். வார்டுல நான் பார்த்த பிள்ளைங்க எல்லாத்துக்கும் அது மனப்பாடமா தெரியும்.

தேக்கா_தையல்:

நான் டாக்டர் இல்ல, சிராங்கூன் ரோடு பக்கம் பிளவுஸ் தைக்கறவ. கல்யாண சீசன்ல பிள்ளைங்க வந்து நிப்பாங்க, டேப்ப சுத்தினா மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு "ஆன்ட்டி, இதவிட ஒண்ணரை இஞ்ச் குறைச்சு தைங்க, அதுக்குள்ள குறைஞ்சிடுவேன்"பாங்க. கூட வந்த அம்மா "ஆமா ஆமா குறைச்சே தைங்க, அப்பதான் இவளுக்கு ரோஷம் வரும்"னு சொல்லும். துணிக்கு ஏன் ரோஷம்?

ஒரு பிள்ளைக்கு கைல வெள்ளையா வட்டமா ஒட்டியிருந்துச்சு, சுகர் பார்க்கற சென்சாராம். கை அளவு எடுக்கறப்ப அவ அம்மா "இது கல்யாணத்தன்னிக்கி தெரியாம கை நீளமா வைங்க, மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்க"ன்னாங்க. பிள்ளை தரைய பார்த்துக்கிட்டு நிக்குது. நான் முட்டிக்கை வரைக்கும் வச்சு, உள்ள லூசா, சென்சார் அழுந்தாத மாதிரி தைச்சு குடுத்தேன். மறைக்கறதா வேணாமாங்கறது அவங்க குடும்ப விஷயம், பிஞ்சு போகாம இருக்கணுமே.

செங்காங்காரி தங்கச்சி, உன் பிளவுஸுக்கு ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இஞ்ச் துணி விட்டு தைக்க சொல்லு. வீக்கம் வந்தாலும் பிரிச்சுக்கலாம், வடிஞ்சாலும் பிடிச்சுக்கலாம். இன்னிக்கி இருக்கற அளவுக்குத்தான் தைக்கணும். அம்மாகிட்ட தையக்காரி சொன்னான்னு சொல்லிடு, பட்டு பிளவுஸ் விஷயத்துல எங்க பேச்ச கேப்பாங்க.

ஜூரோங்_ஜிம்காரன்:

பசங்களுக்கும் இருக்கு பாஸ், யாரும் பேச மாட்டோம். நான் பிரைமரி ஸ்கூல்ல டாஃப் கிளப். தெரியாத சின்ன பிள்ளைங்களுக்கு: 1992லருந்து 2007 வரைக்கும் ஸ்கூல்ல ஒரு திட்டம், எடை கூடின பிள்ளைங்கள தனியா பிரிச்சு ஓட விடுவாங்க. ரீசெஸ் பெல் அடிச்சா கூட்டாளிங்க கேன்டீனுக்கு மீ சியாம் வாங்க ஓடுவாங்க, நாங்க பீல்டுக்கு ஓடுவோம், அத பார்த்துக்கிட்டே அவங்க சாப்பிடுவாங்க. பசிச்சாலும் மத்தவங்க முன்னாடி சாப்பிடக்கூடாதுங்கறது அங்க படிச்ச பாடம். வீட்டுக்கு போயி கதவ சாத்திட்டு ஒரு ரொட்டி பாக்கெட்டையே காலி பண்ணுவேன்.

30 தாண்டினதும் டைப் 2. இப்ப ஜிம், மாவுச்சத்த ஒதுக்கற கீட்டோ டயட், ஒரு வேளை சாப்பாடு, சென்சார் கிராஃப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்ஸ்டால போடறது. எல்லாரும் "டிசிப்ளின் ப்ரோ"ங்கறாங்க. உண்மை என்னன்னா அம்மா வச்ச ஒரு இட்லி சாப்பிட்டு கோடு ஏறுச்சுன்னா அன்னிக்கி பூரா மூட் அவுட், மறுநாள் சாப்பிட மாட்டேன். ரெண்டு மூணு நாள் தாங்கும், அப்புறம் ராத்திரி ஃபுட் டெலிவரி, நாலு பேர் சாப்பாடு, தனியா. டாக்டர்கிட்ட இது எதுவும் சொல்லல, எச்பிஏ1சி நல்லா இருக்கு, அவரும் கை குடுத்து அனுப்பறார். இதுவும் இந்த இழை விஷயம்தானா, இல்ல நான் சும்மா கண்ட்ரோல் இல்லாதவனா? மருந்து மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும்.

ஓய்வுபெற்ற_மிஸி:

தம்பி! கடைசி வரிய படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். எம்பாகிளிஃப்ளோசின் போட்டுக்கிட்டு கீட்டோவும் ஒரு வேளை சாப்பாடும் டாக்டருக்கு தெரியாம வேணாம். அந்த வகை மாத்திரை சர்க்கரைய மூத்திரத்துல வெளியேத்தும். மாவுச்சத்து ரொம்ப குறைஞ்சா, பட்டினி கிடந்தா, டைப் 2 ஆளுக்கும் கீட்டோன் சேரும், அப்ப மீட்டர்ல சுகர் அவ்வளவு உசரமா காட்டாது. "நம்பர் நல்லாத்தானே இருக்கு"ன்னு வாந்தி எடுத்துக்கிட்டே வீட்ல உக்காந்திருப்பாங்க. நாளைக்கே கிளினிக்குக்கு போன் பண்ணுங்க. மாத்திரைய நீங்களா நிப்பாட்டவும் வேணாம், கேட்டு செய்யுங்க.

கண்ட்ரோல் இல்லாதவன்னு நீங்களே பேர் வச்சுக்காதீங்க. ரெண்டு நாள் பட்டினி கிடந்த உடம்பு மூணாவது நாள் வாரி போட்டுக்கத்தான் செய்யும், அது உடம்போட வேலை. டைப் 2ல இந்த அள்ளி சாப்பிடற கோளாறு நெறைய இருக்கு, மருத்துவம் இருக்கு. வேளைக்கு வேளை சாப்பிட வைக்கறதுலருந்துதான் ஆரம்பிப்பாங்க, உங்களுக்கு அது தலைகீழா தெரியும், பரவால்ல.

சென்சார பத்தி: டாக்டர்ங்க பார்க்கறது பெரும்பாலானவங்களுக்கு 3.9லருந்து 10க்குள்ள ஒரு நாள்ல 70 சதவீத நேரம் இருக்கான்னுதான். சாப்பிட்டா கோடு ஏறும், எல்லாருக்கும் ஏறும், சுகர் இல்லாத எனக்கும் ஏறும். நேர்கோடு வரணும்னு யாரும் கேக்கல, உங்க இன்ஸ்டா ஆளுங்களத் தவிர.

கோப்பி_கோசோங்:

மிஸி, தம்பி எழுதினத படிச்சிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தேன்.

எடை முக்கியம்ங்கறத நான் விடல, டைப் 2க்கு எடை குறைஞ்சா சுகர் இறங்குது, என் கண்ணால பார்த்தது. ஆனா ராத்திரி ஷிப்ட்ல நடக்கறத சொல்றேன். வீட்ல என் சம்சாரம் தட்டுல சோற அளந்து வைப்பா, மகன் "பா, அது சாப்பிடாத"ம்பான், பேத்தி கூட "தாத்தாவுக்கு ஸ்வீட் குடுக்காதீங்க"ன்னு ஊருக்கே சொல்லும். சரி சரின்னு எழுந்து போயிடுவேன். ரெண்டு மணிக்கு காடிய கோப்பி கடை ஓரமா நிப்பாட்டி பராட்டா, மட்டன் கறி, தே தாரே, எல்லாம் தபாவ் பண்ணி காடிக்குள்ள லைட்ட அமத்திட்டு சாப்பிடுவேன். ருசிச்சு சாப்பிடறது இல்ல, யாராச்சும் பார்த்துடுவாங்கன்னு விழுங்கறது. அப்பாயின்ட்மென்ட் வருதுன்னா முந்தின வாரம் பட்டினி. மிஸிக்கு தெரியும், எச்பிஏ1சி ரெண்டு மூணு மாச கதைய சொல்லிடும், என் ஒரு வார பட்டினிக்கு அது ஏமாறாது. டாக்டர் பேப்பர பார்ப்பார், நான் கூரைய பார்ப்பேன்.

இத சாப்பாட்டுக் கோளாறுன்னு சொல்லலாமான்னு கேட்டா எனக்கு சிரிப்புதான் வருது, இந்த வயசுல. ஆனா தம்பி எழுதினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னும் தெரியல.

ஜூரோங்_ஜிம்காரன்:

வித்தியாசம் ஒண்ணும் இல்ல அங்கிள், நீங்க காடிக்குள்ள, நான் ரூமுக்குள்ள. கிளினிக்குக்கு பேசிட்டேன், மாத்திரைய பத்தி டாக்டர் முடிவு சொல்லிட்டார். சாப்பாட்டு விஷயத்தையும் வாய தொறந்து சொன்னேன், டயட்டீஷியன்கிட்ட அனுப்பறாங்க.

ஓய்வுபெற்ற_மிஸி:

சந்தோஷம் தம்பி. அண்ணே, வயசெல்லாம் கணக்கில்ல. அடுத்த தடவ கூரைய பார்க்கறதுக்கு பதிலா "ராத்திரி ஷிப்ட்ல பசிக்குது டாக்டர், என்ன சாப்பிடறது"ன்னு கேளுங்க. பராட்டா ஒண்ணு, பருப்பு கறியோட, லைட்ட போட்டுக்கிட்டு மேசைல உக்காந்து. மட்டனும் எப்பவாவது சாப்பிடுங்க. சம்சாரத்துக்கு தெரிஞ்சே சாப்பிடுங்க.

புத்தகப்புழு:

குறுக்க ஒரு விஷயம். 1922க்கு முன்னாடி டைப் 1 வந்த பிள்ளைங்களுக்கு வைத்தியமே பட்டினிதான். அமெரிக்காவுல ஃப்ரெடரிக் ஆலன்னு ஒரு டாக்டர், எலும்பும் தோலுமா ஆகற அளவுக்கு சாப்பாட்ட குறைச்சு கொஞ்ச காலம் உயிர இழுத்து பிடிப்பார், அப்ப வேற வழி இல்ல. எலிசபெத் ஹியூஸ்னு ஒரு பிள்ளை, அமெரிக்க வெளியுறவு அமைச்சரோட மகள், அப்டி கிடந்துட்டு 1922ல டொரொன்டோவுக்கு போயி பேன்ட்டிங்கிட்ட இன்சுலின் போட்டுக்கிட்டா, சதை போட்டா, வளர்ந்தா, 73 வயசு வரைக்கும் இருந்தா. இன்சுலின் போட்டு அந்த பிள்ளைங்க ஊதினத பார்த்து பெத்தவங்க சந்தோஷத்துல அழுதாங்க. செங்காங்காரி அத்தைங்களுக்கு இத அனுப்பி விடலாம்.

செங்காங்காரி:

ஹாஹா அனுப்பிட்டேன், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல. ஒரு அத்தை கும்பிடு போட்டாங்க, மத்தவங்க நீல டிக்கு மட்டும்.

அம்மாகிட்ட பேசினேன். நீளமா ஒண்ணும் இல்ல, மிஸி எழுதின பத்திய போன்ல பெருசாக்கி படிச்சு காட்டினேன். "அப்ப அந்த தீபாவளி நீ..."ன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் "தையக்காரி ஒரு இஞ்ச் விட சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க. அத்தைங்க விஷயத்துக்கு ஒரு ஏற்பாடு, கல்யாணத்துல யாராச்சும் என் உடம்ப பத்தி ஆரம்பிச்சா அம்மா "பந்தி போட்டாச்சு வாங்க"ன்னு இழுத்துட்டு போயிடுவாங்களாம்.

ஈசூன்_அம்மா:

நான் கேட்டுட்டேன். எம்ஆர்டில பக்கத்துல உக்காந்திருக்கறப்ப, மூஞ்ச பார்க்காம, பயமா இருக்கான்னு. கிரான்ஜி தாண்டற வரைக்கும் பதில் இல்ல. அப்புறம் ஆமான்னா. கிளினிக்குல தேதிய முன்னாடி தள்ளி குடுத்துட்டாங்க. அவளுக்கு நான் கூட வரணுமாம், அப்பா வர வேணாமாம். அவர் மூஞ்சி வாடி போச்சு, ஆனா சரின்னுட்டார். பாக்கெட் ஜூஸுக்கு பதிலா குளுக்கோஸ் மாத்திரையே வாங்கி வச்சிட்டேன், அதுல எழுத்து ஒட்டல.

பாசிர்ரிஸ்_வேலன்:

ஒரு கேள்வி, சம்பந்தம் இருக்கான்னு பாருங்க. தைப்பூசத்துக்கு காவடி எடுக்கறேன், விரதம் இருக்கணும், எனக்கு டைப் 2, கிளிக்லசைடு மாத்திரை போடறேன். அது ஒரு பக்கம். என் தங்கச்சிக்கும் டைப் 2, அவ இப்ப எல்லாத்துக்கும் விரதம்ங்கறா, செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, புரட்டாசி முடிஞ்சும் முடியல. சாமி விஷயம்னு வீட்ல யாரும் கேக்க முடியல. எனக்கு சந்தேகமா இருக்கு.

செங்காங்காரி:

அண்ணே, நானும் சஷ்டிய அப்டி பயன்படுத்தின ஆளு. பக்தி விரதம்னா முடிஞ்சதும் பாரணை சாப்பாட்டுக்கு கை போகும். தங்கச்சி விரதம் முடியறன்னிக்கி சாப்பிட உக்காரறாளா, இல்ல அன்னிக்கும் ஒரு காரணம் வருதா? அத பாருங்க. கோயிலுக்கு போகாம விரதம் மட்டும் இருக்காளான்னும் பாருங்க. திட்ட வேணாம், மேல ஈசூன் அக்காவுக்கு எழுதினதுதான்.

ஓய்வுபெற்ற_மிஸி:

வேலன் தம்பி, உங்க விஷயம் சொல்றேன். விரதம் ஆரம்பிக்கறதுக்கு சில வாரம் முன்னாடியே டாக்டர பாருங்க. கிளிக்லசைடு நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் கணையத்த பிழிஞ்சு இன்சுலின எடுக்கும், பட்டினில சுகர் கீழ போயிடும். எந்த வேளை மாத்திரைய குறைக்கணும், எத நிறுத்தணும்னு அவர் எழுதி குடுப்பார். ஒரு வேளை உணவு விரதம்னா அந்த வேளைல வெறும் பழமும் பாலும் போதாது, பருப்பு, பயறு, காய் எல்லாம் சேரட்டும். நடுக்கம், வேர்வை, தலை சுத்தல் வந்தா மீட்டர்ல பாருங்க, 4க்கு கீழ போனா விரதம் முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டார். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு தேக்கரண்டி தண்ணில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா திரும்ப குடிங்க, ஏறினதும் சாப்பாடு சாப்பிடுங்க.

காவடியன்னிக்கி பெருமாள் கோயில்லருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கைல காவடி இருக்கறப்ப உங்களால மீட்டர் எடுக்க முடியாது. அதனால கூட நடந்து வர்ற ஆள் ஒருத்தர்கிட்ட மீட்டரும் குளுக்கோஸ் மாத்திரையும் குடுத்து வைங்க, உங்களுக்கு சுகர்னும், பேச்சு குளறினா அது அருள்னு விட்டுடாம உடனே விரல குத்தி பார்க்கணும்னும் அவருக்கு சொல்லி வைங்க.